வணக்கம் வாங்க யாரும் வராத காலை

வட்டத்து உறவுகளுக்கு,

போன மார்கழியில் ஒரு சாயங்காலம் என் அம்மா லயத்து வாசலில் விழுந்து கிடந்தாள். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. கை, கால், கண்ணிமை எல்லாம் துடித்தன. கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. "என்னடா அப்பு, ஒரே இருட்டா இருக்கு" என்றாள். அப்போது பொழுதுகூட இன்னும் இறங்கவில்லை.

இன்று அவள் நன்றாக இருக்கிறாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கோபத்தோடுதான் எழுதுவேன். கொஞ்சம் அமைதியாக எழுதலாமே என்று வட்டத்தில் இரண்டு பேர் அன்பாகச் சொன்னீர்கள். முயன்று பார்த்தேன், வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் இந்தச் சாட்சியில் சேர்ந்ததுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குப் பூர்வீகம் போடிநாயக்கனூர். அம்மா பாண்டியம்மாள், போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறாள். அப்பா இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். போடியில் கல்லூரி முடித்துவிட்டு, அதே தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் எடை எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவின் தம்பி தவசி மாமாவும் அங்கேதான். மருந்தடிக்கிற ஆட்களுக்கு அவர்தான் தலைவர். நாங்கள் எல்லோரும் இருப்பது தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில்.

கல்லூரியில் படிக்கும்போதுதான் செல்போன் வழியாக இந்த வழி எனக்குக் கிடைத்தது. பேகன் என்று வெளிநாட்டில் சொல்கிறார்கள். மண்ணையும் நீரையும் காற்றையும் சூரியனையும் உயிருள்ளவர்களாக நினைத்து, தினமும் அவர்களோடு உறவாடி வணங்குகிற வழி. அந்த வழிக்காரர்கள் செல்போனில் கூடுகிற நம் வட்டத்துக்கும் அப்படித்தான் வந்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு அழுகை வந்தது. மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிற என் அம்மாவைப் படிக்காதவள் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். அவள் செய்வதற்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அதைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் தினசரி வழிபாடு சின்னது. லயத்துக்கு மேலே பாறையிடுக்கில் ஒரு ஊற்று உண்டு. அதன் தலைமாட்டில் மஞ்சள் பூசிய ஒரு கல் நிற்கும். ஊத்தம்மா என்பார்கள். லயத்து ஜனங்கள் வருசத்துக்கு ஒருமுறை பொங்கல் வைத்துச் சேவல் அறுப்பார்கள். நான் தினமும் விடியும்போது போவேன். செருப்பைக் கீழேயே விட்டுவிடுவேன். நாலு திசைக்கும் வணக்கம் சொல்வேன். பிறகு, கண்ணை மூடாமல், அன்றைக்கு ஊற்றுக்கு யார் யார் வந்திருக்கிறார்களோ அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்குவேன். தண்ணீர்மேல் நடக்கிற பூச்சிக்கு. கல்லில் ஒட்டிக்கிடக்கும் குஞ்சு மீனுக்கு. தவளைக்கு. விசிலடித்துக்கொண்டு வரும் நீலக் குருவிக்கு. பாறைச் சந்தில் குடியிருந்த பழுப்பு நண்டுக்கு. எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகு ஒரு கை தண்ணீர் அள்ளி, பாதியைக் கல்லுக்கு விட்டு, பாதியைக் குடிப்பேன். அவ்வளவுதான்.

இதை வைத்து லயத்தில் சிரிக்காத ஆள் இல்லை. அம்மாவே சிரிப்பாள். "இன்னிக்கு நண்டு அண்ணாச்சி சௌக்கியமா? வீட்ல எல்லாரும் நல்லாருக்காகளாமா?" என்று காப்பி கொடுக்கும்போது கேட்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். பிடிக்காத சிரிப்புகளும் உண்டு. போடியில் ஒருவர், வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கின சாமி என்றார். இன்னொருவர், கல்லைக் கும்பிடுகிறவனுக்கு நரகம் என்று என் கையில் துண்டுச்சீட்டைத் திணித்தார். கூடப் படித்த நண்பன், டிகிரி முடித்தவன் நண்டைக் கும்பிடலாமா என்று கேட்டான். இவர்களுக்கெல்லாம் நான் யார்மேலும் எதையும் திணிக்காதது கண்ணில் படவில்லை.

அன்று சாயங்காலம் கிடைத்த ஜீப்பில் போட்டு அம்மாவைப் போடிக்கு இறக்கினோம். டாக்டர் பார்த்த உடனே, பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறது, இவர் மருந்தடிக்கிற ஆளா என்று கேட்டார். இல்லை, காய் எடுக்கிறவர் என்றோம். ஊசி மேல் ஊசி போட்டார்கள். அவள் ஒரு மாதிரி தேறினாள். நான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், பாதித் தமிழ், பாதி மலையாளம். "அவ மருந்து தொடுற ஆளில்லல்லோ. பின்னே தோட்டத்துக்கு எந்தா சம்பந்தம்? வீட்டில வச்சு வல்லதும் தின்னிருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டில் எதையோ தின்றாளாம். நாள் முழுக்கக் குனிந்து நின்று அவர்கள் காயை எடுத்தவள்.

ஒரு வாரம் கழித்து அம்மாவோடு மலை ஏறினேன். லயத்தில் வேறொரு தீர்ப்பு தயாராக இருந்தது. அம்மாவுக்கு வந்தது நோயில்லை, ஊத்தம்மாவின் கோபம். கோபத்துக்குக் காரணம் நான். தவசி மாமா எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்திச் சொன்னார்: "வருசத்துக்கு ஒருக்கா சேவல் அறுத்தா அவளுக்குப் போதும் மாப்ளே. நீ தெனம் போயி கதவத் தட்டுனா எந்தச் சாமிதேன் கோவிக்காது? அதுலயும் அவள விட்டுப்போட்டு நண்டுக்கும் பூச்சிக்கும் கும்பிடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அக்கா என்றால் அவருக்கு உயிர். பயத்தில்தான் பேசினார் என்று இன்று தெரிகிறது. அன்று எனக்குக் காது எரிந்தது. ஆனால், கோபப்படக்கூடாது என்றுதானே நாம் பழகியிருக்கிறோம்? மூச்சை இழுத்து விட்டேன். அவருக்கு மனதுக்குள் ஒளி அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இரண்டாம் நாளே சாயங்காலத்தில் அம்மாவுக்கு மறுபடி வந்தது. வயிறு முறுக்கியது, எச்சில் ஊறியது, விரல்கள் துடித்தன. ஜீப்புக்கு ஓடினேன். மெட்டு முழுக்க மஞ்சு இறங்கி, பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. இந்தப் பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவில் இறக்கமாட்டேன், விடிந்ததும் வெரசா வந்துவிடுகிறேன் என்றார் டிரைவர். அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மாவோடு சேர்த்து எல்லோரும் பள்ளத்தில் போயிருப்போம்.

வட்டத்துக்குச் செய்தி போட்டேன். அம்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அப்போது உங்களுக்கு, வருசத்தின் மிக நீண்ட இரவைக் கொண்டாடுகிற திருவிழா நாட்கள். மெழுகுவர்த்திப் படங்களும் பச்சை இலை வளையப் படங்களும் வந்துகொண்டே இருந்தன. அதன் நடுவே என் செய்தி மேலே போய்விட்டது. நிறையப் பேர் கைகூப்பும் படம் போட்டீர்கள், நன்றி. ஒருவர் மட்டும், நோய் என்பது நம் மனதின் இறுக்கம், உங்கள் தாயார் மன்னிக்கப் பழக வேண்டும் என்று எழுதினார். யாரை மன்னிக்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை.

லயத்தில் முடிவாகிவிட்டது. விடிந்ததும் ஊற்றடியில் பொங்கல். அந்த ஊற்றின் தண்ணீரிலேயே பொங்கி, முதல் கரண்டியை அம்மாவுக்கு ஊட்டிவிட்டுத்தான் ஜீப்பில் ஏற்றுவது. மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக அரிசியும் வெல்லமும் வாங்கினார். அம்மா தாகம் என்று கேட்டபோதெல்லாம், சாயங்காலம் பிடித்து வைத்த குடத்திலிருந்து தீர்த்தம் என்று அவரே ஊட்டினார்.

நான் வீட்டு மூலையில் விளக்கை ஏற்றி உட்கார்ந்தேன். வேறு வழி இல்லாத ஆளின் வேண்டுதல் அது. இரண்டு வரம் கேட்டேன். ஊத்தம்மா, என் அம்மாவை எது தின்கிறது என்று எனக்குக் காட்டு. எது வந்தாலும் என்னை அமைதியாக வை.

விடியும்போது ஊற்றுக்குப் போனேன். பக்கத்தில் மூன்று கல் கூட்டி, பானையேற்றி, பெண்கள் தீ மூட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் வழக்கம்போலத் திசைகளுக்கு வணக்கம் சொன்னேன். பிறகு வந்தவர்களைத் தேடினேன்.

யாரும் வரவில்லை.

தண்ணீர்மேல் ஒரு பூச்சி இல்லை. மீன் இல்லை. தவளைச் சத்தம் இல்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயர் சொல்ல ஒருத்தர் இல்லாமல் நின்றேன். இத்தனை நாளில் அப்படி நடந்ததே இல்லை. ஊரில் இல்லாத ஒரு வாரமும், அம்மாவோடு வீட்டிலேயே கிடந்த இரண்டு நாளும் நான் அங்கே போகாததால் எனக்குத் தெரியவில்லை. பாறைச் சந்தில் விரலை விட்டுப் பார்த்தேன். நண்டு அண்ணாச்சி மல்லாந்து கிடந்தார். தொட்டதும் ஒரு கால் கழன்று வந்தது.

அழுகை வரவில்லை. நீர் வருகிற வழியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். பாறைக்குப் பின்பக்கம் ஒரு வாய்க்கால். அதில் பால் ஊற்றிய மாதிரி வெள்ளைப் படிவு. புல்லெல்லாம் கருகியிருந்தது. மருந்து கலக்குகிற நீலப் பேரல் கவிழ்த்து வைத்திருந்தது, பக்கத்தில் மூடி. வாடை மூக்கில் ஏறிய அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. சாயங்காலம் அடித்து முடித்துப் பேரலை இங்கேதான் கழுவுகிறார்கள். கழுவின தண்ணீர் பாறையிடுக்கில் இறங்கி ஊற்றில் கலக்கிறது. லயத்தில் எல்லோரும் காலையில் தண்ணீர் பிடிப்பார்கள். அதற்குள் பெரும்பகுதி ஓடிப்போயிருக்கும். அதனால்தான் அவர்களுக்கு இந்தச் சில நாளாக வெறும் வயிற்று வலியும் குழந்தைகளுக்கு வாந்தியும். காலை வரிசையில் நிற்க நேரமில்லாமல், வேலை விட்டு வந்த கையோடு குடத்தை நிரப்புகிற ஒரே ஆள் என் அம்மா. இந்த இரண்டு நாளும் அவளுக்கென்று தனியாக மாமா பிடித்து வைத்ததும் சாயங்காலத் தண்ணீர்தான்.

கீழே குலவைச் சத்தம் கேட்டது. பானை பொங்கப்போகிறது.

என்ன செய்தேன் என்று முழுசாக நினைவில்லை. ஓடி வந்தேன். பானையை இரண்டு கையாலும் பிடித்து நெருப்பிலேயே கவிழ்த்தேன். உள்ளங்கை வெந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. குலவை அப்படியே நின்றது. மாமா வந்து ஓங்கி அறைந்தார். "சாமிப் பானையடா அது. உங்காத்தாளக் கொன்னுபோடுவ போலருக்கே, பாவி" என்று மறுபடி கை ஓங்கினார்.

நான் செத்த நண்டை அவர் முன்னால் நீட்டினேன். "மாமா, மருந்துப் பேரல மேல வாய்க்கால்ல கழுவுறது யாரு?" என்று கேட்டேன்.

ஓங்கின கை அப்படியே நின்றது. நண்டை வாங்கி முகர்ந்தார். வருசக்கணக்கில் அந்த வாடையோடு புழங்கியவர். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊற்றைப் பார்த்தார். கீழே வீட்டைப் பார்த்தார். "நாந்தேன் மாப்ளே" என்றார். "அந்தத் தண்ணி ஓடைக்குத்தேன் போகுதுன்னு இருந்தேன். எங்கையால அவளுக்குத் தீர்த்தமின்னு..." சொல்லிக்கொண்டே கல்லின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி, வீடு வீடாகத் தண்ணீரைக் கொட்டினார்கள். ஜீப் வந்தது. அம்மா அந்தப் பொங்கலில் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் போடிக்கு இறங்கினாள். எந்தத் தண்ணீரால் வந்தது என்று இந்த முறை டாக்டரிடம் சொல்ல முடிந்தது. அவள் பிழைத்தாள்.

இத்தோடு நிறுத்தினால் அழகான சாட்சியாக இருக்கும். நிறுத்தமாட்டேன். மாமா ஏன் அங்கே கழுவினார் என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

முன்பெல்லாம் பேரல் கழுவுவது ஸ்டோருக்குப் பின்னால், வீடுகளுக்குக் கீழே இருக்கிற குழியில். அந்தக் குழிக்குப் பக்கத்தில் முதலாளி சுற்றுலாக்காரர்களுக்காக மூன்று மரவீடு கட்டினார். மஞ்சு பார்க்க வருகிறவர்களுக்கு மருந்து வாடை அடிக்கிறதாம். மேலே எங்காவது கொண்டுபோய்க் கழுவு என்று, அம்மா முதலில் விழுந்த அன்று காலையில்தான் சூப்பர்வைசர் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மேலே என்றால் யார் தலைக்கு மேலே என்று அவர் யோசிக்கவில்லை. மரவீட்டுக்காரர்களுக்குப் பாட்டில் தண்ணீர். எங்களுக்கு அவர்களுடைய மூக்குக்குப் பிடிக்காத தண்ணீர்.

சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். வேலை வேண்டுமா வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். நண்டு செத்ததற்கெல்லாம் தோட்டத்தில் கணக்குக் கேட்பாயா என்றார். நான் அமைதி வரம் கேட்டிருந்தேன் அல்லவா? அந்த நிமிடம் எனக்குள் தேடிப் பார்த்தேன். துளி அமைதி இல்லை. அடிவயிற்றிலிருந்து மேலே வந்தது சுத்தமான கோபம். வெளியே வந்து லயத்து வாசலில் நின்று, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை எல்லோருக்கும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் தோட்டத்துக்காரர்களுக்கு எதிராக யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

மறுநாள் யாரும் காட்டுக்கு இறங்கவில்லை. தவசி மாமா அந்த நீலப் பேரலைத் தள்ளிக்கொண்டு நடந்தார், பின்னால் நாங்கள். மரவீட்டு வாசலில், பூந்தொட்டிகளுக்கு நடுவில் அதை நிறுத்தினார். சூப்பர்வைசர் ஓடி வந்தார். மாமா சட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இனிமே இங்கனதேன் கழுவுவோம், சாரே. விருந்தாளிகளும் ஏலக்காய் எப்பிடி வெளையுதுன்னு தெரிஞ்சுக்கிடட்டும்."

உள்ளேயிருந்து, தங்க வந்திருந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, இது என்ன வாடை என்று கேட்டார். லயத்துப் பெண்கள் பதில் சொன்னார்கள். ஒருத்தி விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தி. அந்த அம்மா மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். பெட்டியைக் கட்டிக் கிளம்புவதற்கு முன் முதலாளிக்கு அவரே போன் போட்டார்.

அதற்குப் பிறகுதான் வேறு ஓடையிலிருந்து லயத்துக்குக் குழாய் வந்தது. கழுவுகிற இடம் வீடுகளுக்குக் கீழே போய், சிமெண்டுத் தொட்டி ஆனது. மருந்தடிக்கிறவர்களுக்குக் கையுறை வந்தது. இதெல்லாம் வருவதற்கு என் அம்மா இரண்டு தடவை சாவின் வாசல் வரை போய் வர வேண்டியிருந்தது. நன்றி சொல்கிற இந்த இடத்தில்கூட எனக்கு அது ஆறவில்லை.

இரண்டு வரம் கேட்டேன். ஊத்தம்மா ஒன்றைக் கொடுத்தாள், மற்றதை மறுத்தாள். அம்மாவைத் தின்பது எது என்று காட்டினாள். அமைதியைத் தரவில்லை. தந்திருந்தால் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு நானும் அந்தப் பொங்கலுக்குக் கைகூப்பி நின்றிருப்பேன். நம் வட்டத்தில் கோபத்தைத் தாழ்ந்தது என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஊற்றுக்கு விஷம் வைத்தால் ஊத்தம்மா கோபப்படுவாள் என்று லயத்து ஜனங்கள் நம்பினார்கள். அதில் அவர்கள் தவறவில்லை. அவள் கோபம்தான் அன்று எனக்குள் இறங்கியது. அதை நான் பிரசாதமாக வாங்கிக்கொண்டேன்.

உங்கள் ஊரில் ஊற்று இல்லாமல் இருக்கலாம். ஒரு வேப்பமரம் இருக்கும், ஒரு சாக்கடையோரப் புல் இருக்கும், மொட்டைமாடிக்கு வருகிற காக்கை இருக்கும். தினமும் போய் நில்லுங்கள். கண்ணைத் திறந்தே கும்பிடுங்கள். வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். யாராவது வரவில்லை என்றால் சும்மா திரும்பாதீர்கள். ஏன் வரவில்லை என்று மேலே ஏறிப் போய்ப் பாருங்கள். நம்பிப் போங்கள், அவர்கள் காட்டுவார்கள்.

மாமா இப்போது செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஊற்றுக்கு வருகிறார். கல்லின் முன்னால் நிற்பார். அம்மா தினமும் என்னோடு வந்தாள். மாதக்கணக்காக அங்கே கூப்பிடுவதற்கு ஒருவரும் இல்லை. வெறும் தண்ணீருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, குடிக்காமல் திரும்புவோம். முதலில் வந்தது தண்ணீர்மேல் நடக்கும் பூச்சி. பிறகு தவளை. ஆனி மழை பிடித்த ஒரு காலையில் எனக்கு எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அம்மா எனக்கு முன்னால் போயிருந்தாள். நனைந்த தலையோடு பாறைமேல் குந்தியிருந்தவள், நான் ஏறி வருவதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி அதட்டினாள்.

"வெரசா வாடா. அண்ணாச்சி எம்புட்டு நேரமாக் காத்துக்கிட்டிருக்காரு."